இளநீர் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான நாசரேத் சபையாருக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு டயாலிசிஸ் தொடங்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். இதுவரை ஒரு நாள்கூட நான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் பஸ் ஏறவில்லை. கோயிலில் எழுந்து சாட்சி சொல்லலாம் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஜவுளிக்கடை அண்ணாச்சி. விடியற்காலை 5 மணிக்கு அவருடைய கார் வாசலில் நிற்கும். வழியெல்லாம் பேச்சே இருக்காது. இரண்டு ஊசியும் கையில் ஏறும்வரை பக்கத்தில் நிற்பார். அப்புறம் வெளியே பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர் மூவரையும் நாம் திட்டியே பழகிவிட்டோம். ஆனால் இரவும் பகலும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்கள்தானே? வாயைத் திறந்து அவன்மேலேயே குற்றம் சொன்ன பிறகுதான் கெடுத்தார்கள். அண்ணாச்சி இன்னும் அந்த ஏழாம் நாளைத் தாண்டவில்லை.

எனக்கு இதில் வெட்கமும் உண்டு. முன்பு நண்பன் ஒருவன் கடனில் தவித்தபோது, வேதப்புத்தகத்தோடு போய், அவன் எங்கே தவறினான் என்று ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு வந்தவன் நான். வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கவில்லை. "உபாதிக்கப்படுகிறவனுக்கு அவனுடைய சிநேகிதனால் தயைகிடைக்கவேண்டும்" (யோபு 6:14) என்ற வசனமும் அன்று என் கையில் இருந்த புத்தகத்துக்குள்தான் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற மூன்று நாளும் இப்போது என் கடையைத் திறந்து கல்லாவில் உட்காருகிறவன் அவன்தான். பழைய கதையை அவன் எடுக்கவே இல்லை.

கீழத்தெரு மைனிக்கும் நன்றி. காயை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும் என்று டயட்டீஷியன் சொன்னதை என் மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்தன்றும் எனக்கென்று உப்புக் குறைத்த குழம்பு தனிச் சட்டியில் வந்தது.

அப்புறம் இந்த இளநீர். அதிலும் பொட்டாசியம் அதிகம், எனக்கு ஆகாது. மறுத்தால் முகம் வாடுமே என்று வாங்கி வைத்தேன். குடித்ததெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இனிமேல் வெறுங்கையோடு வாருங்கள். செவ்வாய், வியாழன், சனி தவிர மற்ற நாளெல்லாம் நான் வீட்டில்தான் இருப்பேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் சகோதரன்