மழைக்கு முன் மழைநீர் வடிகால் அடைப்பை நீக்குவோம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு, வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி அடைமழைக்கு முன்பாக உங்களிடம் ஓர் உதவி கேட்டுப் பிள்ளைகள் கையில் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். மதுரை செல்லூரில் நம் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெற்றோர் சிலரும் கடைக்காரர்களும் ஞாயிறு காலைகளில் கூடி, மழைநீர் வடிகால் வாய்களை அடைத்திருக்கும் குப்பையை வாரி எடுத்து வருகிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஆள் வேண்டும்.

2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையை செல்லூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பந்தல்குடி கால்வாய் நிறைந்து வழிந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அத்தனை பெரிய வெள்ளத்தை நம் விளக்குமாறும் மண்வெட்டியும் தடுத்துவிடாது. கால்வாயைத் தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. ஆனால் அரை மணி நேர மழைக்கே தெரு முக்கில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் இடங்களில், வடிகால் வாய் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். ஒரு தெருவின் மாடிகள் அத்தனையும் கொட்டுகிற தண்ணீர், முக்கிலுள்ள வடிகால் வாயின் கம்பிச் சட்டம் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அந்தச் சட்டத்தில் முதலில் ஒரு பால் கவர் ஒட்டுகிறது. அதன்மேல் வேப்பஞ்சருகு சேர்கிறது. வீடு கட்டக் கொட்டிய எம்சாண்ட் மணல் மழையில் அடித்து வரப்பட்டு அதன்மேல் படிந்து இறுகிவிடுகிறது. வாரியால் இழுத்தால் நைந்த பாய் போல மொத்தமாக வருகிறது. நடுவே பார்சல் சாம்பார் கட்டிய கவர்கள் முடிச்சு அவிழாமலே கிடக்கின்றன.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. பாதாளச் சாக்கடைக் கழிவைச் சுத்திகரிக்க அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் நிலையங்கள் இருக்கின்றன. மழைநீர் வடிகாலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதில் விழுவது கால்வாய்க்கும் கண்மாய்க்கும் போய், அங்கிருந்து வைகைக்குப் போகிறது. வண்டி கழுவிய எண்ணெய்த் தண்ணீரும் பெயின்ட் டப்பா அலசிய தண்ணீரும் அப்படித்தான் போகின்றன. விரகனூர் மதகணை தாண்டி சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்கள் வரை வைகையை நம்பி வயல்கள் இருக்கின்றன. ஊருக்குள் ஓடும் கிருதுமால் நதியை நம் பிள்ளைகள் சாக்கடை என்றே சொல்கிறார்கள். வைகையையும் அவர்கள் அப்படிச் சொல்லக் கேட்க எனக்கு மனம் வராது.

ஆவணியில் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா பார்த்திருப்பீர்கள். அதன் கதையில், வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் என்று கரையைப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். வந்திக்கிழவியின் பங்குக்கு ஆள் இல்லாமல்தான் சொக்கநாதரே மண் சுமந்தார். நம்முடைய ஏற்பாடும் பங்கு பிரிப்பதுதான். உங்கள் வாசலுக்கு அருகிலுள்ள வடிகால் வாய் உங்கள் பங்கு. ஞாயிறு வர முடியாதவர்கள் அதை மட்டும் பார்த்துக்கொண்டாலே போதும். சரஸ்வதி பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றும், தீபாவளி வெடிக் காகிதமும் மழைக்காலத்தை ஒட்டியே தெருவுக்கு வருகின்றன. அவற்றை அன்றன்றே கூட்டி அள்ளிவிடுங்கள். வடிகாலுக்குள் தள்ளிவிடாதீர்கள்.

சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருப்பேன். இந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. பெரியவர்களும் சாலையில் நின்றபடி, மேலிருந்து வாரக்கூடியதை மட்டுமே வார வேண்டும். எந்த மூடியையும் திறக்கக் கூடாது, எதற்குள்ளும் இறங்கக் கூடாது, இறங்கச் சொல்லி யாருக்கும் காசு கொடுக்கவும் கூடாது. பாதாளச் சாக்கடைக்குள் விஷவாயு தாக்கிச் செத்தவர்கள் நம் மாநிலத்தில் ஏராளம். பாதுகாப்பில்லாமல் மனிதரை அதில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உள்ளே அடைப்பு இருந்தால் மாநகராட்சிக்குத்தான் சொல்ல வேண்டும். கையுறையும் காலணியும் கட்டாயம்; கைகாலில் புண் இருந்தால் அந்த வாரம் வர வேண்டாம், எலிக்காய்ச்சல் புண் வழியாகத் தொற்றும். அள்ளிய குப்பையை வடிகால் ஓரத்திலேயே குவித்தால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். உடைந்த கண்ணாடியைத் தனியாகச் சுற்றிக் கொடுங்கள், தூய்மைப் பணியாளர்களின் கையைக் கிழித்துவிடும்.

பிள்ளைகளுக்கு வேறு வேலை தந்திருக்கிறோம். வீட்டிலிருந்து பள்ளி வரும் வழியிலுள்ள வடிகால் வாய்களை வரைபடத்தில் குறித்து, மழை பெய்த மறுநாள் எங்கே தண்ணீர் நின்றது என்று எழுதி வருவார்கள். உங்களிடம் விவரம் கேட்டால் சொல்லுங்கள். அந்த வரைபடத்தைக் கோரிக்கை மனுவோடு வார்டு அலுவலகத்தில் கொடுப்போம்.

வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்குப் பள்ளி வாசலில் கூடுகிறோம். கையுறை பள்ளியில் தருவோம். நீளக் கைப்பிடி வாரியோ சாந்துச் சட்டியோ இருந்தால் எடுத்து வாருங்கள். மழை பெய்தால் வர வேண்டாம், அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். வர விரும்புகிறவர்கள் கீழேயுள்ள சீட்டில் பெயரும் தெருவும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்