சேர்ந்து படிக்கிறதுக்கு மார்க் எங்க?

ஆசிரியருக்கு வணக்கம். ஸ்டூடன்ட்ஸ் ஆன்லைன்ல சேர்ந்து படிச்சா அதை வெட்டி அரட்டைன்னு நினைக்கிற புரொபசர்கள் இன்னும் நிறைய பேர் இருக்காங்க, அது எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கு. 2008லயே கனடாவுல மனிடோபா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு கோர்ஸ் நடத்துனாங்க, ஃபீஸ் கட்டி சேர்ந்தவங்க 25 பேர்தான், ஆனா நெட்ல ஃப்ரீயா கலந்துகிட்டவங்க சுமார் 2,200 பேர், அவங்க ஆளாளுக்கு எழுதுனது, கேட்டது, பதில் சொன்னதுன்னு பாடமே அதுலதான் வளர்ந்துச்சு.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல சாம்பிள் வேரியன்ஸ், அதாவது எடுத்த மாதிரி எண்கள் எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு, அதுக்கு ஏன் எண்ணிக்கையில (n) ஒண்ணு கழிச்சு, n-1ஆல வகுக்கணும்னு ராத்திரி ஒரு பொண்ணு குரூப்ல கேக்குது, ஒருத்தன் விளக்குறான், இன்னொருத்தன் அதுல ஓட்டை இருக்குங்கறான், முதல்ல விளக்குனவன் திரும்ப புக்கை எடுத்து சரி பண்ணி எழுதுறான். கேட்டவளை விட விளக்குனவனுக்குத்தான் அது நல்லா பதியும். எந்த லெக்சர்ல இது கிடைக்கும் சொல்லுங்க?

இப்படி சேர்ந்து படிக்கிறதுக்கு மார்க் குடுங்கன்னா, குரூப் அசைன்மென்ட்னா ஒருத்தர் எழுத மத்தவங்க பேரை மட்டும் போடுறாங்கன்னு சொல்றது நியாயமான குறைதான். ஆனா ஷேர்டு டாக்குமென்ட்ல யாரு எதை எழுதுனாங்க, எப்ப மாத்துனாங்கன்னு ஹிஸ்டரில அப்படியே இருக்கே, அதைப் பாத்து ஆளுக்கு தனியா மார்க் போடலாமே. அதுக்கு ஆசிரியர்களுக்கு நேரமும் ட்ரெய்னிங்கும் நிர்வாகம்தான் குடுக்கணும்.