பந்தய எண் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிள் பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆர்வத்தால் மட்டுமே ஓட்டுபவர்களின் கிளப்புகள் பெருகிவருவதையும், நாள் முழுவதும் அலுவலகத்தில் அமர்ந்து வேலை பார்ப்பவர்கள் வார இறுதியில் முதுகில் எண்ணைக் குத்திக்கொண்டு தொடக்கக் கோட்டில் வந்து நிற்பதையும் செய்தித்தாள்கள் வரவேற்று எழுதுகின்றன. அத்தகைய கிளப் ஒன்றின் நீண்டகால உறுப்பினன் என்ற முறையில் எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் செய்திகளில் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் ஓர் அறிவுரை எனக்குக் கவலை தருகிறது. உடம்பில் வலுவும், பழுதில்லாத ஒரு சைக்கிளும், தலையில் ஹெல்மெட்டும் இருந்தால் அடுத்த பந்தயத்துக்கே பெயர் கொடுத்துவிடலாம் என்பதே அந்த அறிவுரை. எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு நெருங்கி ஓட்டும் திரள் பந்தயத்தைப் பொறுத்தவரை இது தவறு என்று கருதுகிறேன். திரளுக்குள் ஓட்டத் தெரியும் என்பதை மூத்த உறுப்பினர் ஒருவர் உடன் ஓட்டிப் பார்த்து உறுதி செய்யாத எவருக்கும் எந்தக் கிளப்பும் பந்தய எண் கொடுக்கக்கூடாது.

இதற்கான காரணம் காற்றில் இருக்கிறது. சமதளச் சாலையில் வேகம் கூடக் கூட, சைக்கிள் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்வதற்குத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் அடுக்குக்கு, ஏற்ப உயர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டுபவர் 40 கிலோமீட்டருக்குப் போக விரும்பினால், காற்றுக்கு மட்டும் இரண்டேகால் மடங்குக்கும் அதிகமான திறனைக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் பந்தய வீரர்கள் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒதுங்கி ஓட்டுகிறார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கனின் குழு 2018இல் 121 வீரர்கள் கொண்ட திரள் ஒன்றைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தபோது, திரளின் நடுவிலும் பின்பகுதியிலும் நன்கு மறைந்திருப்பவர், தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் தடையில் 5 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே சந்திக்கிறார் என்று கண்டது. கிளப் பந்தயத் திரள் அவ்வளவு பெரிதாக இருக்காது என்றாலும், ஒருவர் பின்னால் ஒட்டிக்கொள்வதன் இலாபம் முதல் நாளிலேயே எவருக்கும் புரிந்துவிடும். புரிந்ததும் அவரும் ஒட்டிக்கொள்வார். எப்படி ஒட்டிக்கொள்வது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது ஒரு விநாடிக்கு 11 மீட்டர். முன்னால் போகும் சக்கரத்துக்கும் நம் சக்கரத்துக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். பந்தயத்தில் இது நெருக்கமான இடைவெளியே அன்று. முன்னவர் எதையோ கண்டு மிரண்டு திடீரென மணிக்கு 4 கிலோமீட்டர் அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறைத்தாலும், கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அந்த இடைவெளி முழுவதும் மறைந்துவிடும். கண்ணால் கண்டதை மூளை உணர்ந்து கை பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆகவே திரளில் பாதுகாப்பு என்பது பின்னால் இருப்பவரின் சுறுசுறுப்பை நம்பி நிற்பதில்லை. முன்னால் இருப்பவர் அவசரமாக எதையும் செய்யாமல் இருப்பதை நம்பியே நிற்கிறது. தன்னைப் பார்க்க முடியாத, தன்னாலும் பார்க்க முடியாத பத்துப் பேரின் எலும்புகளுக்குத் தான் பொறுப்பு என்ற உணர்வு தனியாக ஓட்டிப் பழகியவருக்கு இயல்பாக வருவதில்லை. அது பழக்கத்தால் மட்டுமே வரும்.

பழக வேண்டியவை எவை என்று கேட்டால், கேட்பதற்கு மிக எளியவையாகவே தோன்றும். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது சைக்கிள் அந்தப் பக்கமே சாயாமல் நேர்கோட்டில் போக வேண்டும். ஒரு கையால் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்ப வைக்கும்வரை அந்தக் கோடு மாறக்கூடாது. முன்னவரின் பின்சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்க வேண்டும். முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரம் ஏறி நிற்க விடக்கூடாது. அவர் ஒரு சாண் விலகினால் இரண்டு சக்கரங்களும் உரசும், விழுபவர் பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். சைக்கிளைத் திருப்புவதும் நிமிர்த்திப் பிடிப்பதும் முன்சக்கரமே என்பதால் அது தட்டப்பட்டவருக்கு மீள வழி இருப்பதில்லை. உரசலுக்குக் காரணமானவரோ பல நேரங்களில் நடந்தது தெரியாமலே போய்க்கொண்டிருப்பார்.

இன்னும் நுட்பமானவையும் உண்டு. மேட்டில் இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கும் அந்த நொடியில் சைக்கிள் சற்றே தயங்கும். பின்னால் இருப்பவருக்கு அது சக்கரம் தன்னை நோக்கி எறியப்பட்டதுபோல் இருக்கும். மிதியை அழுத்திக்கொண்டே எழுந்தால் அந்தத் தயக்கம் குறையும் என்பது, ஒருவர் அருகில் இருந்து காட்டாமல் வராது. வளைவில், திரளின் முன்பகுதி வேகம் குறையாமல் திரும்பிவிட, பின்பகுதி பிரேக் பிடித்து நெருங்கி, பிறகு இழந்த தூரத்தைப் பிடிக்கத் தலைதெறிக்க மிதிக்க வேண்டியிருக்கும். புதியவர்கள் பயத்தால் பின்னாலேயே இருக்க விரும்புகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் இந்த நெருக்கலும் நீளலும் மிகக் கடுமையாக இருக்கும் இடம் அதுவே என்பது அவர்களுக்குத் தெரியாது. பக்கக் காற்று அடித்தாலோ ஒதுங்கும் இடமே மாறிவிடும்: காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்த வரிசையில் நிற்க வேண்டும், சாலையின் அகலம் தீர்ந்ததும் அடுத்த வரிசை தொடங்க வேண்டும். இதை அறியாதவர் சாலை ஓரத்து மண்விளிம்பில் ஒரே கோடாகத் தொங்கிக்கொண்டு, இடமே இல்லாத இடத்தில் சக்கரத்தை நுழைக்கப் பார்ப்பார்.

உடல் வலிமை இதில் எதையும் கற்றுத் தருவதில்லை. சொல்லப்போனால், கிளப்புகளுக்கு இன்று மிகுந்த தலைவலி தருபவர்கள் பலவீனமான புதியவர்கள் அல்லர். அவர்கள் முதல் மேட்டிலேயே பின்தங்கிப் பாதுகாப்பாக வீடு போய்ச் சேருவார்கள். சைக்கிளை அசையாமல் பிடித்து வைக்கும் டிரெய்னர் என்னும் கருவியில் வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் மிதித்து, எத்தனை வாட் திறனை எத்தனை நிமிடம் தாங்க முடியும் என்பதைத் துல்லியமாக அறிந்துகொண்டு வரும் வலியவர்களே அச்சத்துக்கு உரியவர்கள். டிரெய்னரில் சைக்கிள் சாயாது, வழுக்காது, பக்கத்தில் இன்னொருவரின் முழங்கை இருக்காது. அந்தக் கால்களின் வலு அவர்களைப் பந்தயத்தின் வேகமான, நெருக்கமான முன்பகுதிக்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே நிலைத்து நிற்பதற்கான கைப்பழக்கம் மட்டும் இருக்காது.

மரத்தளமோ கான்கிரீட் தளமோ கொண்ட வெலோட்ரோம்கள் என்னும் சைக்கிள் பந்தயத் தளங்கள் இந்த உண்மையை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. பல நாடுகளில், படிப்படியான பயிற்சியை முடித்துத் தகுதி பெறாத ஒருவரை அங்கே மற்றவர்களோடு சேர்ந்து ஓட்ட அனுமதிப்பதில்லை. பிரேக் இல்லாத சைக்கிள், சரிவான வளைவு என்று அதற்குத் தனிக் காரணங்கள் இருப்பது உண்மைதான். ஆயினும் சாலையில் குழி உண்டு, மணல் உண்டு, எதிரே வாகனம் வரும் வாய்ப்பும் உண்டு. மூடிய தளத்துக்குத் தேவைப்படும் சோதனை திறந்த சாலைக்கு ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு இதுவரை எவரும் எனக்கு நேரான விடை தந்ததில்லை. ஹெல்மெட் கட்டாயம் என்பதைச் சிலர் விடையாகச் சொல்வார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் அணியாமல் விழுந்து தலையில் அடிபட்டு கசக்ஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் இறந்த பிறகே தொழில்முறைப் பந்தயங்களில் அது கட்டாயமானது. அந்த விதி மிகவும் நல்ல விதி. ஆனால் ஹெல்மெட் விழுந்த பிறகு உதவுவது. நான் பேசுவது அதற்கு முந்தைய நொடியைப் பற்றி.

அப்படியானால் புதியவர் பந்தயத்துக்கு வரவே கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக வரட்டும், டைம் டிரையல் என்னும் தனிநேர ஓட்டத்தின் வழியாக வரட்டும். குறிப்பிட்ட இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் இந்த முறையில் மற்றவரின் பின்னால் ஒதுங்குவது விதிப்படி குற்றம். சர்வதேசச் சைக்கிள் ஒன்றியத்தின் விதியின்படி, ஒருவரைக் கடந்து செல்பவர் பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். கடக்கப்பட்டவர் அதன்பின் ஒரு கிலோமீட்டருக்குள் 25 மீட்டர் தள்ளிப் பின்னால் போய்விட வேண்டும். ஒருவர் விழுந்தாலும் இன்னொருவரை இழுத்துக்கொண்டு விழ வழியில்லை. இதைக் கத்துக்குட்டிகளின் போட்டி என்று திரள் வீரர்கள் சிலர் ஏளனம் செய்வதுண்டு. அது வரலாறு அறியாத பேச்சு. பிரிட்டனில் சாலையில் திரள் பந்தயங்களுக்குத் தடை வந்தபோது, எஃப். டி. பிட்லேக் 1895இல் வகுத்த தனிநேர முறையே கிளப் பந்தயத்தை உயிரோடு வைத்திருந்தது. தொடங்கும் நேரத்தைக்கூட வெளியே சொல்லாமல், விடியற்காலையில், கண்ணை உறுத்தாத கறுப்பு உடையில் ஓட்டினார்கள். 1942 ஜூன் 7 அன்று பெர்சி ஸ்டாலார்ட் அந்தத் தடையை மீறி லங்கோலனிலிருந்து உல்வர்ஹாம்ப்டன் வரை திரள் பந்தயம் நடத்தி, அதற்காகத் தடை விதித்த சைக்கிள் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். அவர் செய்தது சரியே என்பதுதான் என் எண்ணம். திரள் பந்தயத்தைத் தடுக்க வேண்டும் என்பது என் வாதமன்று.

அண்மைக் காலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் 137 கிலோமீட்டர் பெண்கள் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீஸன்ஹோஃபருக்கு அப்போது எந்தத் தொழில்முறை அணியோடும் ஒப்பந்தம் இல்லை. அவர் கணித ஆய்வாளர். தம் நாட்டின் தனிநேர ஓட்டத்தில் பட்டம் வென்றவர். தொடக்கத்திலேயே திரளை விட்டு முன்னேறி, கடைசி 40 கிலோமீட்டரைத் தனியாக ஓட்டினார். இரண்டாவதாக வந்த அன்னமிக் ஃபான் ஃப்ளோய்டன், முன்னால் ஒருவர் போய்விட்டது தெரியாமல், தாமே வென்றதாக எண்ணிக் கையை உயர்த்தினார். கடிகாரத்தோடு தனியாகப் போராடிப் பழகிய திறமை சாலைப் பந்தயத்தில் வீணாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தனிநேர ஓட்டத்துக்கும் திரள் பந்தயத்துக்கும் இடையில் ஒரு படி வேண்டும். பந்தயம் இல்லாத நாட்களில் கிளப் நடத்தும் குழு ஓட்டமே அந்தப் படி: எட்டுப் பேர் இரண்டு வரிசையாகச் சென்று, முன்னால் காற்றை வாங்கும் முறையைச் சீரான வேகத்தில் மாற்றிக்கொள்வது. நம் முறை வந்ததும் வேகத்தைக் கூட்டிக் காட்டாமல், இருந்த வேகத்திலேயே முன்னுக்குப் போகக் கற்பதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். இதில் தேறியவரைத்தான் திரள் பந்தயத்தின் கடைசிப் பிரிவில் சேர்க்க வேண்டும். பிரிவுகள் வயதைப் பார்க்காமல் திறமையையும் அனுபவத்தையும் பார்த்துப் பிரிக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் நெடுங்காலம் ஐந்தாம் பிரிவில் தொடங்குபவர் நான்காம் பிரிவுக்கு ஏற 10 திரள் பந்தயங்களில் ஓட்டியிருந்தால் போதும் என்ற விதி இருந்தது. வெற்றியை அந்த விதி கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆட்கள் குறைவாக உள்ள கிளப்புகளுக்குப் பிரிவு பிரிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹேண்டிகேப் முறை அங்கே உதவும். வேகம் குறைந்தவர்களின் குழு முதலில் புறப்பட, அடுத்தடுத்த குழுக்கள் சில நிமிட இடைவெளியில் கிளம்ப, மிக வேகமானவர்கள் கடைசியில் துரத்தி வருவார்கள். ஆஸ்திரேலியாவில் 1895இல் தொடங்கிய மெல்பர்ன்–வார்னம்பூல் பந்தயமே நெடுங்காலம் இவ்வாறுதான் நடந்தது. தம்மையொத்த வேகமுள்ள சிலரோடு ஒத்துழைத்தால்தான் துரத்துபவர்களிடமிருந்து தப்ப முடியும் என்பதால், புதியவர் வரிசை மாற்றத்தைப் பந்தயத்துக்குள்ளேயே பழகிக்கொள்கிறார். குறிப்பாகப் பெண்களுக்கு இது நல்லது. எண்ணிக்கை போதவில்லை என்று சொல்லி, புதிதாக வந்த பெண்களை வேகமான ஆண்கள் குழுவோடு சேர்த்து அனுப்பிவிட்டு, பிறகு பெண்கள் ஏன் தொடர்ந்து வருவதில்லை என்று கூட்டம் போட்டு விவாதிக்கும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன்.

சோதனை வைத்தால் புதியவர்கள் ஓடிவிடுவார்கள், உடன் ஓட்டிப் பார்க்கத் தொண்டர்களும் கிடைக்க மாட்டார்கள் என்பது வழக்கமான எதிர்வாதம். முதல் பந்தயத்திலேயே தோள்பட்டை எலும்பு முறிந்தவர் இரண்டாவது பந்தயத்துக்கு வருவது அரிது என்பதை இந்த வாதம் கணக்கில் கொள்வதில்லை. தொண்டர்களைப் பொறுத்தவரை, ஒருவர் நேர்கோட்டில் ஓட்டுகிறாரா, மற்றவர் தோள் உரசினால் பதறுகிறாரா, சைகைகளையும் எச்சரிக்கைக் குரல்களையும் பின்னால் கடத்துகிறாரா என்று அறிய ஒரு மணி நேரக் குழு ஓட்டம் போதும். மூத்த உறுப்பினர்கள் அந்த நேரத்தில் எப்படியும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கப் போகிறார்கள். எல்லைக் கோட்டருகே வேகமெடுக்கத் தொடங்கியபின் தான் தேர்ந்த தடத்தை விட்டு விலகி மற்றவருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடாது என்ற விதியையும், விலகினால் முடிவு பறிக்கப்படும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கிளப் பந்தயங்களின் அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழில் வெளியிடும்போது, தூரம், கட்டணம், பரிசு ஆகியவற்றோடு, அது தனிநேர ஓட்டமா, திரள் பந்தயமா, பிரிவுகள் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன, புதியவர்களுக்கு முன்பயிற்சி எப்போது நடைபெறும் என்ற விவரங்களையும் அமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கிச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கிளப் சைக்கிள் பந்தய வீரரான வாசகர் ஒருவர்