ஹிப்னாடிச சிகிச்சைக்குப் பக்க விளைவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஹிப்னாடிச சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். "இதில் பக்க விளைவு என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று ஒரு வரி அதில் வந்திருக்கிறது. எழுதியவர் எழுதிவிட்டார், சரி. அச்சுக்கு அனுப்பிய உங்களில் ஒருவருக்குக்கூட அந்த வரி உறுத்தவில்லையா?

அந்தச் சிகிச்சையே வீண் என்று நான் சொல்லவில்லை. குளோரோஃபார்ம் வருவதற்கு முன்பே, 1845-ல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மெஸ்மெரிசத்தால் (ஹிப்னாடிசத்தின் பழைய வடிவம்) நோயாளிகளை மயங்க வைத்துப் பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தது தங்களுக்குத் தெரியாததல்ல. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் ஐபிஎஸ் என்கிற குடல் தொல்லைக்கு இதைக் கொடுத்துப் பார்த்துப் பலன் இருப்பதாக 1984-ல் எழுதினார்கள். ஓராண்டு மருந்து சாப்பிட்டும் கேட்காத ஐபிஎஸ் நோயாளிகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பே 2008-ல் சொல்லியிருக்கிறது. வலிக்கும் பதற்றத்துக்கும் முறையாகப் படித்த டாக்டர் செய்தால் உதவும். இதையெல்லாம் உங்கள் கட்டுரை எழுதியிருந்தால் நானே நாலு பேரிடம் காட்டியிருப்பேன். அதில் இருந்ததோ ஆழ்மன சக்தியும் முற்பிறவியும்தான்.

என் மூத்த மகளுக்குப் பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. யாரோ சொன்னார்கள் என்று அவளை ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். வாசலில் 'டாக்டர்' என்று போர்டு, என்ன படிப்பு என்று எங்கும் இல்லை. அங்கே நடந்ததைப் பதிவு செய்து போனில் அனுப்பியிருந்தார்கள், நானே கேட்டேன். "இப்போது உனக்கு ஐந்து வயது. இருட்டாக இருக்கிறதா?" என்று ஒரு குரல் கேட்கிறது. "தெரியலை" என்கிறாள். "நன்றாகப் பார். கதவைச் சாத்தியது யார்? ஆம்பளையா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "பெரியப்பா மாதிரி இருக்கு" என்கிறாள்.

அவளுக்கு ஐந்து வயது நடந்தபோது என் அண்ணன் குவைத்தில் இருந்தார். அந்த வருஷம் முழுக்க ஊருக்கே வரவில்லை, பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனாலும் நெல் கிடங்கில் தன்னைப் பூட்டி வைத்தது, சாக்கு வாசனை, கதவிடுக்கில் வெளிச்சம் எல்லாம் என் மகளுக்கு 'நினைவு' வந்துவிட்டது. பிறகு அரசு மருத்துவமனை மனநல மருத்துவர்தான் இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். இப்போது தூங்குகிறாள். பாஸ்போர்ட்டையும் காட்டிவிட்டேன். "தெரியும்ப்பா, ஆனா கண்ணை மூடினா அந்தக் கதவு வருது" என்கிறாள். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். இதற்குப் பெயர் பக்க விளைவு இல்லையா, ஐயா?

ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகளில் கற்பனை கலந்துவிடும், அவற்றை நம்பக்கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985-லேயே எச்சரித்தது. சிறுவயதில் உண்மையிலேயே கொடுமைக்கு ஆளான பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாய்திறந்து சொல்லும்போது ஊர் நம்பவேண்டும் என்றால், இப்படிக் கேள்வி கேட்டு நினைவை உண்டாக்கும் வேலை முதலில் நிற்கவேண்டும். காதில் குரல் கேட்கும் நிலையில் இருப்பவர்களுக்கு, அதாவது சைக்கோசிஸ் உள்ளவர்களுக்கு, இது ஆகவே ஆகாது. அதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

இது முதல் முறையும் அல்ல. சர்க்கரை நோயை வேரோடு அறுப்பதாக ஒரு லேகிய விளம்பரம் உங்கள் கடைசிப் பக்கத்தில் தொடர்ந்து வந்தது. அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் இருப்பதைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதில் இல்லை. ராசிக்கல் பற்றி எழுதிய கடிதத்தைப் போட்டீர்கள், ஆனால் பாராட்டிய முதல் இரண்டு வரியை மட்டும் போட்டீர்கள். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் இது. அதனால்தான் இவ்வளவு வருத்தம். 'பேப்பரிலேயே வந்திருக்கு' என்றுதான் என் மகளையும் அந்த மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அது உங்கள் இதழா, வேறு இதழா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஹிப்னாடிச சிகிச்சையைப் பதிவு பெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் ஆணையிட்டது. உரிய பயிற்சி என்றால் எது என்று கேட்டு எழுதுவது உங்களைப் போன்ற பத்திரிகைகளின் வேலை என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், திருத்தம் போடுங்கள். இனி மருத்துவக் கட்டுரை எழுதுபவரின் பெயருக்குக் கீழே அவருடைய படிப்பையும் பதிவு எண்ணையும் போடுங்கள். மனநல உதவிக்கான அரசின் இலவச எண் 14416, அதையும் ஒரு ஓரத்தில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதென்றால் என் மகளின் பகுதியை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், 1985-ஐயும் 2003-ஐயும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
கும்பகோணம்.