விண்மீன் திரள்களின் காற்று அணைப்பது மட்டுமன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், நம் பால்வீதி போன்ற விண்மீன் திரள்களிலிருந்து வீசும் காற்றைப் பற்றி வெளிவந்த குறிப்பைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால், அக்காற்று புதிய விண்மீன்கள் பிறப்பதைத் தடுக்கிறது என்பதோடு அக்குறிப்பு முடிந்துவிட்டது. அது பாதி உண்மையே.

விண்மீன் பிறப்பதற்குக் குளிர்ந்து அடர்ந்த வாயு வேண்டும். பெரிய விண்மீன்கள் வெடித்துச் சிதறும்போதும், திரளின் நடுவிலுள்ள கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள பொருளை விழுங்கும்போதும் வெளிப்படும் ஆற்றல், அந்த வாயுவைச் சூடாக்கி, நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளுகிறது. இப்படி வெளியேறும் வாயுவைத்தான் காற்று என்கிறோம். வாயு போய்விட்டால் பிறப்பும் குறையும் என்பது சரிதான்.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றப் பிள்ளைகளுக்கு, சென்ற ஏப்ரலில் ஓர் இரவு, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் என் சிறு தொலைநோக்கியை வைத்து எம்82 என்னும் திரளைக் காட்டினேன். நம் வடவானில் தாழ்வாக, சப்தரிஷி மண்டலத்தில், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அது, கண்ணுக்கு ஒரு மங்கிய விபூதிக் கீற்றாகவே தெரிந்தது. தட்டு வடிவிலுள்ள அதன் உடலுக்கு மேலும் கீழும் வாயு செந்நிற இழைகளாகப் பீறிட்டுக் கிளம்புவதைப் பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படத்தில்தான் காட்ட முடிந்தது. அப்படத்தை வெகுநேரம் பார்த்த ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "காற்று ஏன் ஐயா பக்கவாட்டில் வீசவில்லை?" என்று கேட்டாள். தட்டின் தளத்தில் வாயு அடர்ந்து கிடப்பதால், எதிர்ப்புக் குறைந்த வழியில் காற்று வெளியேறுகிறது என்றேன்.

அவள் கேட்ட அந்தத் திசைதான் இங்கே முக்கியம். பெரிய திரளைச் சுற்றிவரும் துணைத் திரள்கள், அதைச் சூழ்ந்துள்ள சூடான மெல்லிய வாயுவைக் கிழித்துக்கொண்டு செல்லும்போது, தம்மிடமுள்ள வாயுவைப் பறிகொடுக்கின்றன. 2021-இல் இக்னாசியோ மார்ட்டின் நவாரோ தலைமையிலான குழு நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட முடிவின்படி, மையத் திரளின் நீளவாக்கில் உள்ள துணைத் திரள்களைவிட, அதற்குக் குறுக்கே, அதாவது காற்று வீசும் திசையில் உள்ளவற்றில்தான் விண்மீன் பிறப்பு கூடுதலாகத் தொடர்கிறது. கருந்துளையிலிருந்து கிளம்பிய காற்று அத்திசையிலுள்ள வாயுவை முன்னரே விலக்கிவிடுவதால், துணைத் திரள்கள் தம் வாயுவை அவ்வளவாக இழப்பதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். தன் வீட்டு அடுப்பை அணைக்கும் காற்றே அண்டை வீட்டு அடுப்பைக் காப்பாற்றுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

காற்றுக்குள்ளேயே விண்மீன் பிறப்பதும் உண்டு. சுமார் 60 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மோதி இணைந்துகொண்டிருக்கும் இரு திரள்களிலிருந்து வெளியேறும் வாயுவில் இளம் விண்மீன்கள் இருப்பதை, சிலியிலுள்ள மிகப்பெரும் தொலைநோக்கியின் வழி 2017-இல் கண்டறிந்தார்கள். அக்காற்றில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30 சூரியன்களின் நிறைக்கு ஈடாக விண்மீன்கள் உருவாகின்றன. நம் பால்வீதி முழுவதிலும் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் நிறையளவே உருவாகிறது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

தங்கள் குறிப்பைப் பிள்ளைகள் வெட்டி எடுத்து மன்றப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒட்டுவதற்கு, இவ்விரு கண்டுபிடிப்புகளையும் விளக்கும் கட்டுரை ஒன்றை, எம்82-இன் வண்ணப் படத்தோடு வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்