பள்ளிச் சாப்பாட்டை ஊரும் கவனிக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில் விளையும் கேரட்டும் பீன்ஸும் முட்டைகோஸும் எத்தனையோ பள்ளிகளின் வாசலைத் தாண்டித்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. ஆனால் மதியச் சாம்பாரில் காயைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சமைக்கும் அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. காய்கறிக்கு என்ன தொகை வருகிறதோ, அதற்குள்தான் அவர் வாங்க முடியும்.

1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் இன்று முட்டையும் சேர்ந்திருக்கிறது. 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் மலைக்குப் பெரிய உதவி. தேயிலை பறிக்கப் போகும் அம்மாக்கள் காலையிலேயே கிளம்பிவிடுவதால், டீயும் வர்க்கியும் சாப்பிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். ஐந்தாம் வகுப்போடு அதை நிறுத்தாமல் எட்டாம் வகுப்பு வரையாவது கொடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி குறைந்துவிடுமா என்ன?

அரசைக் கேட்பது ஒரு பக்கம். ஊர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுகிறோம். சாப்பாட்டையும் பேச வேண்டும். முறை வைத்து இரண்டு பெற்றோர் மதியம் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டில் எது மிஞ்சுகிறது, காரத்தாலா, ஆறிப்போனதாலா என்று பிள்ளைகளையே கேட்கலாம். இந்தக் குளிரில் சோறு சீக்கிரம் சில்லிட்டுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறினாலே பாதி மிச்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் காய். கேரட் கழுவித் தரம் பிரிக்கும் இடங்களில் உடைந்தது, கோணலானது என்று ஒதுக்குவது கொஞ்சமில்லை. விலைக்குப் போகாதே தவிர, சாப்பிட நல்ல காய்தான். அதில் ஒரு கூடை பள்ளிக்கு வரட்டும். ஆனால் மருந்தடித்த ஈரம் காயாத காயைக் கொடுக்கவே கூடாது. நம் வீட்டுக்கு எடுத்துவைக்கும் காய் எதுவோ அதைத்தான் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். ஊர் கொடுக்கிறதே என்று அரசு தன் தொகையைக் குறைக்கவும் கூடாது.

பள்ளியிலேயே தோட்டம் போடுங்கள் என்கிறார்கள். சரி, போடலாம். ஆனால் காட்டெருமையும் குரங்கும் விட்டுவைப்பதில்லை, டிசம்பர், ஜனவரியில் உறைபனி வேறு. நல்ல வேலி இல்லாமல் விதைப்பது வீண்.

சாமையும் கேழ்வரகும் இந்த மலையில் விளைந்த பயிர்கள். அவற்றை ருசியாகச் சமைக்கத் தெரிந்த பாட்டிகள் படுகர் ஊர்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் இன்னும் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் அவர்களைப் பள்ளிக்கு அழைத்தால் அன்று பாக்கெட் சிப்ஸ் யாருக்கும் நினைவுக்கு வராது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. எதிரே கடை வைத்திருப்பவரும் நம் ஊர்க்காரர்தான். கடலை மிட்டாய், அவித்த கடலை, சீசனில் பேரிக்காய் என்று வைக்கச் சொன்னால் கேட்பார்.

மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். குழுக் கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால் பறிப்புக்குப் போகும் அம்மாக்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொடுங்கள், அவர்களும் வந்து பேசட்டும்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளின் தாய் ஒருவர்,
கோத்தகிரி