கல் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த பங்கு மக்களுக்கு, திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கூரைத் தகடு, மழைநீர்க் குழாய், இடிதாங்கி, மணிக்கூண்டு ஏணி ஆகிய வேலைகள் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. கற்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் சாந்தை மாற்றும் சுவர் வேலைக்கு மட்டும் மதிப்பீட்டைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவானது. ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

1876-இல் ரஷ்யாவின் வோல்கா நதிக் கரையிலிருந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எல்லிஸ் கவுன்டிக்கு வந்த நம் ஜெர்மானிய முன்னோருக்கு இந்தச் சமவெளியில் வீடு கட்டவும் வேலி போடவும் மரம் கிடைக்கவில்லை. மண்ணுக்கு அடியில் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலக் கனத்தில் ஒரே அடுக்காகக் கிடந்த சுண்ணாம்புக் கல்தான் கிடைத்தது. அதையே வேலிக் கம்பமாக நட்டார்கள், கோயிலாகவும் எழுப்பினார்கள். இதே கவுன்டியின் விக்டோரியா ஊரில் 1911-இல் முடிந்த புனித ஃபிடெலிஸ் கோயிலுக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 45 டாலரும் ஆறு வண்டிக் கல்லும் தர வேண்டியிருந்தது. நம் சுவரில் இருப்பதும் அதே கல்தான். வெட்டியெடுத்த புதிதில் மிருதுவாக இருக்கும். காற்றுப்பட்டு ஈரம் போனபின் இறுகும். அப்போதும் அது நீரை உறிஞ்சும் கல்தான்.

உறிஞ்சிய நீர் இடுக்குச் சாந்தின் வழியாக வெளியேற வேண்டும். முதலில் பூசியிருந்த சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடம் கொடுத்தது. பிற்காலத்தில் அதன்மேல் பூசிய சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. நீர் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்தது. சாந்து கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் அழிவது கல்தான்.

முதல் ஒப்பந்தக்காரருடன் வந்த தகராறு இதைப் பற்றியதே. சுண்ணாம்புச் சாந்து என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தும், வடக்குச் சுவரில் அவர் சிமென்ட் கலவையையே பூசினார். செங்குத்தான இடுக்குகளைச் சுழல் ரம்பத்தால் அறுத்தார். அந்த இடுக்குகள் உயரம் குறைந்தவை. வட்டத் தகடு மேல்கல்லையும் கீழ்க்கல்லையும் வெட்டாமல் நிற்காது. இரண்டு வரிசைக் கற்களில் அந்தத் தழும்பு இருக்கிறது, இனி என்றும் இருக்கும். வேலையை நிறுத்தினோம். ‘பாதியில் நிறுத்தியதால் முன்பணம் போயிற்று’ என்பது உண்மையன்று. சாரத்துக்கும் பழைய சாந்தைச் சுரண்டிய வேலைக்கும் மட்டும் கணக்குத் தீர்த்து, மீதியைத் திரும்பப் பெற்றோம்.

இரண்டாவது கொத்தனார் வந்தபோது அக்டோபர் நெருங்கிவிட்டது. வெயிலடிக்கும் ஒரு வாரம் பார்த்து முடித்திருக்கலாமே என்றார்கள் சிலர். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சுண்ணாம்பு இறுகாது. இறுகாத சாந்தில் உறைபனி விழுந்தால் வசந்தத்தில் அத்தனையும் பொடியாக உதிரும். ஆகவே வசந்தம்வரை காத்திருந்தோம். குளிர்காலம் முழுவதும் வாடகை கட்டுவதைவிடச் சாரத்தை இறக்கி மறுபடி ஏற்றுவது மலிவு. கூடுதல் செலவில் பெரும்பங்கு இந்த இரண்டாம் சாரமும், புது சிமென்டை உளியால் எடுத்த கூலியும்தான்.

பிறகு நடந்த முறை இது: இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆழம் சுரண்டி, தூசி போகக் கழுவி, கல்லை நனைத்து, நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு கூர்மணல் (முனை மழுங்காத மணல்) கலந்து, கால் அங்குலம் கால் அங்குலமாக அடைத்தார்கள். கட்டைவிரல் பதியாத அளவு இறுகிய பிறகே அடுத்த அடுக்கு. நம் ஊர்த் தெற்குக் காற்று ஈரத்தை ஒரே மதியத்தில் குடித்துவிடும். அதனால் பூசிய இடமெல்லாம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, நாள்தோறும் தண்ணீர் தெளித்தோம். தெளிக்க முறைபோட்டு வந்த இளைஞர்களுக்கு இந்தக் குழு என்றும் கடன்பட்டது.

பெயர்ந்த கற்களுக்கு மாற்றாகப் பழைய வேலிக் கம்பங்களை அறுத்தோம். இதற்கும் எதிர்ப்பு வந்தது. விழுந்து உடைந்து கிடந்தவற்றை மட்டுமே எடுத்தோம். கம்பி தாங்கி நிற்கும் ஒன்றையும் தொடவில்லை. நிறமும், நடுவில் ஓடும் துருநிறக் கோடும் பழைய சுவரோடு ஒத்துப்போயின. பல காலம் வெளியில் காய்ந்த கல் என்பதால், புதுக் கல்லைப்போல் முதல் குளிரிலேயே வெடிக்கும் அச்சமும் இல்லை. ஒவ்வொன்றையும் மண்ணில் படுத்திருந்த கிடைவாக்கிலேயே வைத்தோம்.

கம்பங்கள் தந்த ஆற்றோரப் பண்ணைக் குடும்பங்கள், டிராக்டரும் ஆளும் அனுப்பிய வடக்குச் சாலைக் குடும்பங்கள், பியராக் (இறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த ரொட்டி) சுட்டு விற்ற பெண்கள் சங்கம், தவக்கால மீன் விருந்து நடத்திய ஆண்கள் சங்கம், கோதுமை விற்ற பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கியோர், வெளியூர் சென்றும் மாதந்தோறும் அனுப்பியோர், கல்லறைத் தோட்டத்தில் துயிலும் பெற்றோர் நினைவாகக் கொடுத்தோர், பெயர் வேண்டாம் என்றோர், உண்டியல் உடைத்த மறைக்கல்விச் சிறுவர்: அனைவருக்கும் நன்றி. பெயர் எழுதச் சம்மதித்தவர்களின் பட்டியல் முகப்பு மண்டபப் பலகையில் உள்ளது.

இனி, படிகளில் பனி உருக்க உப்புப் போட வேண்டாம், மணல் தூவுங்கள். புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாயைச் சுவர் பக்கம் திருப்ப வேண்டாம். இடுக்கு எங்காவது உதிர்ந்தால் சிமென்ட் பூசாமல் குழுவிடம் சொல்லுங்கள். அதே மணலில் சில மூட்டைகள் கிடங்கில் எடுத்து வைத்திருக்கிறோம். ரசீதுகள், இரண்டு ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்கு அனைத்தையும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் யாரும் பார்க்கலாம்.

திருப்பணிக் குழு